மக்க மறுத்த ஜட்டிகள்

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு ஜட்டிகள் இருந்தன. ஈரப் புல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு கல் வைத்து, நேர் மேலே நின்று யாரோ படம் எடுத்திருந்தார்கள். இரண்டும் டீ டிகாஷன் நிறம். மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு தையல் பிரியவில்லை, ஓர் ஓட்டை இல்லை. துவைத்துக் காயப்போட்டால் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கே போகலாம்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த எங்கள் முதலாளி பொன்னுசாமி அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஆறு மாசம் சேத்துக்குள்ள கெடந்துதுங்களா இது?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப பாஸுங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அடுத்த அரை மணி நேரத்தில் திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கிற எங்கள் யூனிட்டில் தையல், செக்கிங், அயர்னிங் என்று எல்லா டேபிளுக்கும் ஆளுக்கொரு துண்டு மைசூர்பாகு போய்ச் சேர்ந்தது. பூஜை போடாமல், பண்டிகை வராமல் அண்ணாச்சி கையால் இனிப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

என் துண்டு மேஜை மேலேயே இருந்தது. படத்துக்குக் கீழே, அதை அனுப்பின மோரா எழுதியிருந்த நான்கு வரிகளை அண்ணாச்சி படிக்கவில்லை, நான் படித்திருந்தேன். "ரூபி, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஈர இடத்தில் புதைத்ததும் காய்ந்த இடத்தில் புதைத்ததும் ஒரே மாதிரி வந்திருக்கின்றன. வருகிற சனிக்கிழமை கூட்டம். என் மலையை நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்கிறேன்."

ஜட்டி வாரம்

போன வாரம் இந்தத் தொடரில் நான் பஸ் ஏறித் திருப்பூர் வந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர், "ஜட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு நினைத்துப் பார்க்க அப்படி என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவர் மனம் குளிரட்டும் என்றே இந்த வாரம் முழுக்க ஜட்டிதான். வேறு பேச்சே இல்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். பொன்னுசாமியை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் மதிப்பான ஆண்பிள்ளை எல்லாரும் அண்ணாச்சிதான். இந்தப் பக்கத்திலோ அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"அம்மிணி, ஃபாரின் பையர் முன்னால அண்ணாச்சின்னு கூப்பிடாதீங்க. பருப்பு விக்கற ஆளுன்னு நெனச்சுக்குவாங்க" என்பார்.

"வெள்ளைக்காரனுக்கு அண்ணாச்சி தெரியுமா, அத்தான் தெரியுமா அண்ணாச்சி" என்பேன். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரவில்லை.

நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வியாபாரி என்ன கேட்கிறான் என்பதை அண்ணாச்சிக்குச் சொல்வதும், அண்ணாச்சி ஏன் அதைச் செய்யவில்லை என்பதை வியாபாரிக்குச் சொல்வதும் என் வேலை. டீச்சர் டிரெயினிங் படித்தவளுக்கு இது கஷ்டமில்லை. இரண்டு பக்கமும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள்.

ஜட்டிக்கும் மலைக்கும் என்ன உறவு

மோரா ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவில் இருக்கிறாள். தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஜட்டி விஷயம் ஆயிற்றே.

அந்தத் தீவின் நடுவில் ஒரு மலை. உயரத்தைப் பார்த்தால் நம் ஆட்கள் அதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதன் மேல்பகுதி முழுக்க மண்ணே கிடையாது, கறுப்பாக, ஈரமாக வேறொன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷமாகப் பாசி முளைத்து, செத்து, தேங்கின தண்ணீருக்குள் காற்றுப் படாமல் மக்காமலே அடுக்கடுக்காகச் சேர்ந்தது. பீட் என்கிறார்கள். யாரோ எந்தக் காலத்திலோ அதற்குள் புதைத்து வைத்த வெண்ணெய்கூட அங்கே இன்னும் தோண்டத் தோண்டக் கிடைக்கிறதாம்.

"பீட்டுங்களா? அது நம்ம உடுமலைல மில்லு மில்லுக்கு மலையாட்டக் குமிச்சுக் கெடக்குதுங்களே" என்றார் அண்ணாச்சி, முதல் நாள் இதைச் சொன்னபோது. அவர் சொன்னது தேங்காய் மட்டையை நார் உரித்த பிறகு விழுகிற தூள். அதுவும் பீட் என்ற பேரில்தான் மூட்டை கட்டி ஏற்றுமதியாகிறது. இது வேறு அண்ணாச்சி என்று விளக்கினேன். தலையாட்டினார். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை என்பதை நான்தான் மறந்துபோனேன்.

அந்த மலையில் ஒரு காலத்தில் ஆட்டுக்குப் புல் வளரட்டும் என்று ஊர்க்காரர்கள் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். அரசாங்கமே வெட்டச் சொன்னது. தண்ணீர் போனதும் காற்றுப் புகுந்தது. ஆயிரம் வருஷம் கெடாதது கெட ஆரம்பித்தது. காய்ந்து வெடித்து, மழைக்குக் கரைந்து, ஆள் உயரத்துக்குக் கறுப்பு ஓடைகளாக அறுத்துக்கொண்டு ஓடியது. கீழே குடிதண்ணீர் வருகிற ஓடையும் பழுப்பாகிப்போனது.

மோரா சில ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பல வருஷமாக அந்தக் கால்வாய்களை அடைக்கிறாள். அதே கறுப்பு மண்ணையும் பலகையையும் வைத்து அணை போடுகிறாள். கரைந்த ஓடைகளில் தேங்காய் நார் உருளைகளைக் குறுக்கே போட்டு மண்ணைப் பிடித்து நிறுத்துகிறாள். தண்ணீர் தேங்கின இடத்தில் பாசியைக் கையால் நடுகிறாள். குனிந்து குனிந்து, மழையில், ஒவ்வொரு கொத்தாக. அந்த நார் உருளைகள் எங்கிருந்து போகின்றன தெரியுமா? உடுமலைப்பேட்டையில் அண்ணாச்சியின் மச்சான் நார் மில் வைத்திருக்கிறார், அங்கிருந்து.

மோரா மச்சானிடம்தான் முதலில் கேட்டிருக்கிறாள், உங்கள் பக்கத்தில் வெறும் பருத்தியில் ஜட்டி தைத்துத் தருகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறவரிடம் இப்படி ஒரு கேள்வி. மச்சான் சிரித்து முடிக்கவே ஒரு நாள் ஆனதாம். பிறகு, "என்ற ஒறம்பரை ஒருத்தரு இருக்காருங்க" என்று சொந்தக்காரரான அண்ணாச்சி பக்கம் கைகாட்டிவிட்டார்.

ஜட்டி எதற்கு? பருத்தி மக்குகிற பொருள். தண்ணீர் நிறைந்த நல்ல பீட்டில் புதைத்தால் மக்காது. காய்ந்து கெட்டுப்போன பீட்டில் புதைத்தால் மக்கிவிடும். எனவே அணை போட்ட பக்கம் சில, போடாத பக்கம் சில என்று புதைத்து, ஆறு மாசம் கழித்துத் தோண்டினால், மலையின் எந்தப் பக்கம் பிழைக்கிறது, எந்தப் பக்கம் சாகிறது என்று ஊருக்கே கண்ணால் காட்டலாம். வெறும் துணித் துண்டு போதாதா என்றால், துணித் துண்டைப் பார்க்க யாரும் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், ஜட்டி என்றால் எல்லாரும் வருவார்கள் என்றாள் மோரா. அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்தக் கூட்டம்தான் இப்போது சனிக்கிழமை. மலை அங்கே மேய்ச்சல்காரர்கள் எல்லாருக்கும் பொது. மீதிக் கால்வாய்களையும் அடைக்கலாமா, இல்லை அடைத்ததையும் திறந்துவிடுவதா என்று அவர்கள் கைதூக்கி முடிவு செய்வார்கள். திறந்துவிட வேண்டும் என்று முன்னால் நிற்பவர் ஹெக்டர் என்ற பெரியவர். இளவயசில் அந்தக் கால்வாய்களை வெட்டின ஆட்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

டெஸ்ட் என்றால்

மைசூர்பாகுத் தட்டோடு அண்ணாச்சி திரும்பி வந்தார். உட்கார்ந்தார். ஒரு ரகசியச் சிரிப்பு சிரித்தார்.

"அம்மிணி, நான் ஒரு சின்ன வேல பண்ணியிருந்தனுங்க. உங்ககிட்டச் சொல்லலீங்க."

நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். "என்ன வேலை?"

"சேத்துக்குள்ள பொதச்சு டெஸ்ட் பண்றாங்கன்னு சொன்னீங்கல்லங்க. வெளுக்காத வெறுங் கோராத் துணியத் தெச்சு அனுப்புனா ஒரு மாசந் தாங்குமுங்களா? நம்ம பேரு என்னாவறது? அதுதான் நம்மூரு ராயபுரத்துல யூசுப் பாய்கிட்ட மருந்து வாங்கி, மொத்தத் துணியையும் ஒரு முக்கு முக்கிப்போட்டனுங்க." பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம்.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவருக்கு டெஸ்ட் என்றால் ஒன்றே ஒன்றுதான். சாயம் போகக் கூடாது, சுருங்கக் கூடாது, முடிச்சு முடிச்சாகத் திரளக் கூடாது, இழுத்தால் கிழியக் கூடாது. முன்பு ஒரு தடவை ஒரு வியாபாரி எங்கள் டி-ஷர்ட் நாலு துவைப்பில் நூல் திரண்டு பொரிபொரியாகிறது என்று எழுதிவிட்டான். அண்ணாச்சி அந்த டி-ஷர்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் தினம் துவைத்து தினம் போட்டார். நடுவில் சொந்த மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அதற்கும் அதே டி-ஷர்ட். மாப்பிள்ளை வீட்டார் வேட்டி சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெண்ணைப் பெற்றவர் நெஞ்சில் ஒரு வாத்துப் படத்தோடு தாம்பூலம் மாற்றினார். அந்தப் போட்டோ இன்றும் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறது. "பாருங்க, ஒரு பொரி இல்லீங்க" என்று காட்டுவார்.

அப்படிப்பட்ட மனிதரிடம், "இது மக்க வேண்டிய ஜட்டி" என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். அந்த வாரம் வேறொரு ஷிப்மெண்ட் தலைக்கு மேல் இருந்தது. "மண்ணுல பொதச்சு டெஸ்ட் பண்ணுதாவளாம் அண்ணாச்சி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு ஓடினேன். அதோடு விட்டேனா? துணிக்கு எந்த மருந்தும் போடவில்லை என்று மோரா அனுப்பின படிவத்தில், போய்ப் பார்க்காமலே டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன்.

"அண்ணாச்சி, அது மக்கணும். மக்குறதுக்குத்தான் வாங்கியிருக்காவ" என்றேன்.

"மக்கறதுக்குங்களா?" அவர் கையிலிருந்த மைசூர்பாகு பாதியில் நின்றது. "வேணும்னு ஆர்டர் போட்டு வாங்கி, மக்க வெப்பாங்களா யாராச்சும்?"

அவருக்கு மலையை, கால்வாயை, ஹெக்டரை எல்லாம் முதலிலிருந்து சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். செக்கிங் டேபிள் வரை கேட்டிருக்கும். முடித்தபோது அவர் தட்டை மூடி வைத்துவிட்டார். "அட கெரகமே" என்றார், மெதுவாக.

ராயபுரத்தில் கிடைத்த ஆறுதல்

யூசுப் பாய் துணிக்குப் போடுகிற கெமிக்கல் வியாபாரி. கடைக்குள் நுழைந்தாலே மூக்கு எரியும். ஒரு சின்ன நம்பிக்கையோடு போனேன். அண்ணாச்சி வாங்கியது சும்மா வாசனைத் தண்ணீராக இருந்துவிட்டால் தேவலையே என்று.

"வாங்க ரூபிக்கா. அதுங்களா, அது டெண்டுத் துணிக்குப் போடற மருந்து. மழைல மண்ணுல கெடந்தாலும் பூசணம் அண்டாது."

"எத்தனை நாளைக்கு பாய்?"

"நீங்க கவலையே படாதீங்கக்கா. சுலபத்துல போகாது."

வாழ்க்கையில் அதைவிட மோசமான ஆறுதலை நான் கேட்டதில்லை.

"ஜட்டிக்குப் போய் இதைக் குடுத்தீங்களே பாய்."

"நான் கேட்டனே. ஒடம்புல போடற துணிக்கு இது ஆகாதுங்கன்னு சொன்னேன். 'இத யாரும் போட மாட்டாங்க பாய், எக்ஸ்போர்ட்டு'ன்னாரு. எக்ஸ்போர்ட்டுன்னு சொல்லிட்டா அதுக்கு மேல நாங்க கேக்கறதில்லக்கா."

அவர் சொல்வதும் நியாயம்தான். கிளம்பும்போது அவரே தயங்கி, "அது மண்ணுக்குள்ள கெடக்கறது அந்த மண்ணுக்கும் நல்லதில்ல. எடுத்துரச் சொல்லுங்க" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. குணமாக்கப் பார்க்கிற மலைக்குள் நாங்கள் மருந்தில் நனைத்த ஜட்டிகளைச் சொருகி வைத்திருக்கிறோம்.

கிழிசலுக்கு ஒரு சாம்பிள்

உண்மையைச் சொல்லிவிடுவது என்று உடனே முடிவு செய்தேன் என்று எழுத ஆசைதான். நினைவுகளை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நல்லவர்களாகிவிடுவார்கள். நான் ஆகவில்லை.

மெர்ச்சண்டைசரிடம் எப்போதும் ஒரு கட்டுப் பொய் தயாராக இருக்கும். மின்வெட்டு, லாரி ஸ்டிரைக், துறைமுகத்தில் நெரிசல், தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் பொங்கல் தாண்டியும் திரும்பவில்லை. எதை எடுத்து வைத்தாலும் மக்காத ஜட்டிக்குப் பொருந்தவில்லை. நூல் ரகம் மாறிவிட்டது என்று ஒரு மெயில் எழுதினேன். படித்துப் பார்த்து அழித்தேன். பஞ்சே புது வகை என்று இன்னொன்று எழுதினேன். அதைப் படித்து எனக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை அண்ணாச்சி ஒரு யோசனையோடு வந்தார்.

"அம்மிணி, கிழிசல் ஜீன்ஸ் பண்ணிக் குடுக்கறாங்கல்லங்க. கிழிசல் ஜட்டி நம்மளால முடியாதுங்களா?"

"என்ன சொல்லுதிய?"

"மக்குனாப்பல நாமளே ஒரு செட்டுப் பண்ணி அனுப்பிப்போடலாமுங்க. காஞ்ச பக்கத்துக்கு அத வெச்சுக்கட்டும். சாம்பிள் மாத்தி அனுப்பறது நமக்குப் புதுசுங்களா?"

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எத்தனை பீஸ் வேண்டும் என்று கேட்டேன்.

அன்று மத்தியானம் யூனிட்டின் பின்பக்கம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மருந்து போடாத கோராத் துணியில் ஏழு ஜட்டி. ஒன்றை பிளேடால் சுரண்டினார்கள். ஒன்றை உப்புத்தாளால் தேய்த்தார்கள். ஒன்றை ஆசிட்டில் தோய்த்ததில் அது மொத்தமாகக் கரைந்து எலாஸ்டிக் மட்டும் கையோடு வந்தது. டீக்கடையிலிருந்து ஒரு தூக்கு டிகாஷன் வந்தது, சர்க்கரை இல்லாமல். மிஞ்சின ஆறையும் முக்கிக் கொடியில் காயப்போட்டார்கள். மூன்று டெய்லர், இரண்டு ஹெல்பர், ஒரு முதலாளி, நான். இத்தனை பேர் சேர்ந்து ஒரு பொருளைக் கெடுக்க முயன்றோம்.

கெடுக்க வரவில்லை. ஓட்டைகள் எல்லாம் எம்பிராய்டரி மாதிரி ஒரே இடைவெளியில் அழகாக வந்திருந்தன. செக்கிங்கில் இருக்கிற வளர்மதி, கமுதிப் பக்கத்துப் பெண், இது என்ன சரக்கு என்று தெரியாமல் வழக்கம்போல எடுத்துப் பார்த்தாள். சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து வரிசையாக ஒட்டினாள்.

"என்ன கண்ணு, ரிஜெக்ட்டா?" என்றார் அண்ணாச்சி.

"எடது கால்ல மூணு ஓட்டை இருக்கு சார். வலது கால்ல அஞ்சு இருக்கு. ரெண்டும் ஒண்ணா இல்லையே" என்றாள்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மோரா, வீடியோவில்.

மலைமேல் நின்றிருந்தாள். தொப்பியிலிருந்து மழை சொட்டியது. பின்னால் கறுப்பு மண் வெட்டுப்பட்டுக் கிடந்தது. என் முதுகுக்குப் பின்னால் கொடியில் ஆறு ஜட்டி தொங்குவது ஞாபகம் வந்து போனை அவசரமாகச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"ரூபி, ஒரு மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டேன்" என்றாள். "போன வருஷம் என் வீட்டுக்காரரின் பழைய ஜட்டி ஒன்றை இதே காய்ந்த இடத்தில் புதைத்தேன். எலாஸ்டிக் மட்டும்தான் மிஞ்சியது. அதனால் இந்தத் தடவை உங்கள் துணியில்தான் ஏதோ தப்பு என்று இரண்டு நாளாக உங்களைச் சந்தேகப்பட்டேன். அது அநியாயம். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். தப்பு என் கணக்கில்தான் இருக்க வேண்டும். கூட்டத்தில் அப்படித்தான் சொல்லப்போகிறேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அங்கே மழை, அதனால் அழுகிறாளா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். அண்ணாச்சி பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் பேச வராது, ஆனால் கம்பெனியில் காது பழகிப்போனவர். போனை வைத்ததும் கொடியிலிருந்த ஆறு ஜட்டியையும் அவரே உருவிச் சுருட்டி வேஸ்ட் மூட்டையில் போட்டார்.

"கூட்டத்துல நான் பேசறனுங்க. நீங்க இங்கிலீசுல சொல்லுங்க" என்றார்.

மோராவுக்கு அன்று மாலையே எழுதினேன், சனிக்கிழமை எங்களுக்கு அந்தக் கூட்டத்தில் இரண்டு நிமிஷம் வேண்டும், துணியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று. சரி என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

சனிக்கிழமை

எங்களுக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, என் பக்கத்து நாற்காலியில் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வெளியே நிட்டிங் மிஷின் ஓடுகிற சத்தம். நிறுத்தச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம், அது ஓடினால்தான் எனக்குப் பேச்சு வரும் என்றார்.

திரையில் ஒரு மரக் கூடம். இருபது பேர் இருப்பார்கள், கையில் டீக் கோப்பை. முன்னால் மேஜையில் எங்கள் இரண்டு ஜட்டிகள். மேஜைக்குப் பக்கத்தில் ஹெக்டர். பெரிய உடம்பு, கம்பளிச் சட்டையில் முழங்கையில் இழை ஓட்டித் தைத்த இடம். அண்ணாச்சி அதைத்தான் முதலில் பார்த்தார். "கைத்தையலுங்க. நல்ல வேல" என்று என் காதில் சொன்னார்.

ஹெக்டர் அப்போதுதான் பேசி முடித்திருந்தார். இரண்டும் ஒன்றுதான், அணை போட்டும் ஒன்றும் ஆகவில்லை, போடாமலும் ஒன்றும் ஆகவில்லை, என்பது அவர் பேச்சு. மோரா ஓரத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எங்கள் பக்கம் கை காட்டினாள்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்றேன், கேட்கவில்லை. கேமராவில் அவர் தலை போய் வயிறுதான் தெரிந்தது. நான் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வணக்கமுங்க. அந்த ரெண்டு ஜட்டியும் என்ற கம்பெனில தெச்சதுங்க. மருந்து போட வேண்டாம்னு அந்தம்மா எழுதியிருந்தாங்க. நான் மக்காத மருந்துல முக்கிப்போட்டனுங்க. தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

நான் மொழிபெயர்த்தேன். என் இருபது வருஷப் பழக்கம் என்னைக் கேட்காமலே வாய்க்கு வந்துவிட்டது. "உற்பத்தியில் ஒரு தொழில்நுட்பக் குழப்பம் நேர்ந்துவிட்டது" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மிணி, நான் கொழப்பம்னா சொன்னேன்? தப்புன்னு சொன்னனுங்க. மிஸ்டேக்குன்னு சொல்லுங்க. என்ற மிஸ்டேக்குன்னு சொல்லுங்க."

சொன்னேன். அவர் மேல் தப்பு, படிவத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட என் மேலும் தப்பு என்று சேர்த்துச் சொன்னேன். இந்த ஜட்டிகளை வைத்து மலையைப் பற்றி ஒன்றும் முடிவு செய்ய முடியாது, மீதியையும் தோண்டி எடுத்துவிடுங்கள், அந்த மருந்து மண்ணுக்கு ஆகாது என்றும் சொன்னேன். மோரா தலையை நிமிர்த்தினாள்.

ஹெக்டர் ஒரு ஜட்டியைக் கையில் எடுத்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். ஓரத் தையலை விரலால் தடவினார்.

"வேண்டாம் என்று எழுதியிருந்தும் ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொல்லும் முன்பே அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

"நல்லா இருக்கோணும்னுதானுங்க பண்ணுனேன். கெட்டுப்போகோணும்னு ஒரு பொருள என்ற ஆயுசுல பண்ணுனதில்லீங்க. அப்படி ஒண்ணு இருக்குமுன்னே எனக்குத் தெரியாதுங்க."

இதை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். ஹெக்டர் பேசினார், எங்களைப் பார்த்து இல்லை, கையிலிருந்த ஜட்டியைப் பார்த்து.

"அந்தக் கால்வாய்களை நூல் பிடித்த மாதிரி வெட்டினேன். வெட்டச் சொன்னவர்கள் வந்து பார்த்துவிட்டு, தீவிலேயே நேரான கால்வாய் என்னுடையது என்றார்கள். எனக்கு அப்போது இருபது வயசு. அந்த வேலையில் இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் குறை சொன்னதில்லை." நிறுத்தினார். "குறை இல்லாததுதான் குறையாகிப்போனது."

பிறகு மோரா பக்கம் திரும்பினார்.

"மேல்பக்கத்துக் கால்வாய்கள் புதருக்குள் எங்கே ஆரம்பிக்கின்றன என்று உன் வரைபடத்தில் இல்லை மோரா. எந்த வரைபடத்திலும் இல்லை. எனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை வா, காட்டுகிறேன். முதல் அடைப்பை நானே போடுகிறேன்."

அதற்குப் பிறகு யாரும் கைதூக்கச் சொல்லவே இல்லை. ஹெக்டர் அடைக்கிறேன் என்றால் திறப்பதற்கு அங்கே வேறு ஆள் கிடையாது. மோரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொன்னாருங்க?" என்றார் அண்ணாச்சி. இந்தத் தடவை அவருக்குப் புரியவில்லை, பெரியவரின் உச்சரிப்பு அப்படி. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "வெட்டினவரே அடைக்காராம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே திரையில் ஹெக்டரும் அதே நேரம் தொப்பியைக் கழற்றினார். இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நடுவில் மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை அண்ணாச்சி நேராகத் தையல் பகுதிக்குப் போனார். மோராவுக்குப் புதிதாக அனுப்ப வேண்டிய ஜட்டிகளுக்கு வெட்டின துணி டேபிளில் இருந்தது. பருத்திக் கொட்டைத் தூசி ஒட்டின கோராத் துணி. வெளுக்க வேண்டாம், மருந்து வேண்டாம், தையல் நூல்கூடப் பருத்தியாக இருக்க வேண்டும், எலாஸ்டிக்குக்குப் பதில் பருத்திக் கயிறு, என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. வளர்மதி துணியைக் கையில் எடுத்து முகம் சுளித்துப் பார்த்தாள்.

"சார், இத இப்படியே தச்சு அனுப்புனா கெட்டுப் போயிருமே சார்."

"கெடட்டுங் கண்ணு" என்றார் அண்ணாச்சி.